ஒன்பது அடிச் சுவர்

லென்ஸில் பனி மூடியிருக்கிறது.
காரின் ஏசியிலிருந்து எடுத்த கேமரா
குரும் கடற்கரையின் செப்டம்பர் புழுக்கத்துக்குப் பழக
கால்மணி நேரம் வேண்டும்.
அதுவரை ஆட்களைப் படிப்பேன்.

பதினாறு பேர்.
மூன்று சகோதரர்கள், மூன்று நாட்டு அட்டைகள்:
மஸ்கட் இன்னாசி, தம்மாம் கஸ்பார், தோஹா ரேமண்ட்.
மூவர் லீவும் ஒரே வாரத்தில் விழ
ஏழு வருஷம் ஆயிற்றாம்.
எல்லோரும் வெளிர்நீலம்,
வாட்ஸ்அப்பில் பேசிவைத்து வாங்கியது.
பின்னால் கடலும் அதே நிறம்.
கரைந்துபோவீர்கள் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

வாரநாளில் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறேன்.
உதட்டைத் திறக்காமல் சிரிப்பவர் யாரென்று
பத்தடி தூரத்தில் தெரியும்.
அவரைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பு.
தொந்திக்கு முன்னால் ஒரு பையனை நிறுத்து.
உயரமானவர் மடக்கு நாற்காலியில்.
ஜெசிந்தாவும் டெல்பினும்
ஒருவர் முகம் ஒருவர் பாராமலே பேசுகிறார்கள்;
ஓரகத்திகளுக்கு நடுவே ஒரு கைக்குழந்தை,
இது பாடப்புத்தகத்தில் இல்லை.

"நெருங்கி நில்லுங்க, இன்னும் கொஞ்சம்,
தோளோடு தோள்."
வெள்ளிக்கிழமைதோறும் நான் சொல்லும் ஒரே மந்திரம்.

இன்னாசி போனை நீட்டினார்.
தூத்துக்குடியில் புது வீடு.
ஹாலில் ஒன்பது அடிச் சுவர்,
பட்டி பார்த்து, வெள்ளையடித்து,
மேலே போகஸ் விளக்குக்கு ஒயர்கூட இழுத்தாயிற்று.
பால் காய்ச்சி இரண்டு வருஷம்.
முழுசாய் ஒரு வாரம் அங்கே
யாரும் தூங்கி எழவில்லை.
"சுவர் நிரம்பணும் சிஸ்டர்.
தள்ளி நின்னாத்தான் நிரம்பும்."

தள்ளி நில்லுங்கள் என்று
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
இரண்டு முறை நாக்கு புரண்டது.
நாற்காலியை மடக்கி ஓரம் வைத்தேன்.
பையனைத் தொந்தியிலிருந்து பிரித்தேன்.
ஆளுக்கு ஒரு கை தூரம்.
விட்ட இடத்திலெல்லாம்
கூப்பிடாமல் கடல் வந்து நின்றது.
வரிசையில் பதினைந்து பேர், இடுப்பில் ஒன்று,
நடுவில் பதினான்கு துண்டுக் கடல்.

அதையும் சொல்லிவிட வேண்டும்:
தள்ளி நின்றபின்தான் ஓரகத்திகள்
நேருக்கு நேர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

சூரியன் எல்லோருடைய வலக் கன்னத்திலும்.
இன்னும் எட்டு நிமிடம் நிற்கும்.
கஸ்பார் நெற்றி வியர்வையைத் துடைக்க,
பக்கத்தில் நின்றவரும் துடைக்க,
அது வரிசை முழுக்கப் போனது.
ஒரு ஓமானியச் சிறுவன் பந்தைத் தேடி
இன்னாசிக்கும் ரேமண்டுக்கும் நடுவே புகுந்து ஓடினான்;
இடம் அவ்வளவு இருந்தது.

"லென்ஸைப் பாருங்க."

ஷெரினுக்கு ஆறு வயது, முன்வரிசை ஆசை,
இந்தப் படத்திலோ ஒரே வரிசை.
"அந்த வீட்டுல யாருமே இல்லியே ஆன்ட்டி,
யாரைப் பார்த்துச் சிரிக்கணும்?"

அலை ஒன்று வந்து போனது. இன்னொன்றும்.
பெரியவர்கள் தங்கள் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தார்கள்.
நான் தெளிந்துவிட்ட லென்ஸை
மறுபடி துடைத்தேன்.

டெல்பின்தான் சொன்னாள்:
"சாயந்தரம் லைட் போட வருவாரே
நம்ம வியாகுலம் அண்ணன்,
அவரைப் பார்த்துச் சிரி."

"மாசம் மூவாயிரம் அவருக்கு"
என்றார் ரேமண்ட், எதற்கென்று தெரியாமல்.

அழுத்தினேன்.
திரையில் பெரிதாக்கி ஒவ்வொருவராய்ப் பார்த்தேன்.
கண் மூடியவர் இல்லை.
பதினாறு முகமும்
ஆறு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றி
சுவிட்சைத் தடவிக்கொண்டு உள்ளே வரும் ஒருவரை
வாங்க என்பதுபோல் இருந்தன.